அடம் என்று சொல்வதற்கு முன்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் நடத்தை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு இப்போது 13 வயது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உண்டு, அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. பேச்சு சில சொற்கள்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். ஆங்கிலத்தில் சொல்ல வராததைத் தமிழில் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. நான் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டதும் வீட்டில் பட்டுத் தெரிந்ததும் கலந்தே இருக்கும்.

இது குறைபாட்டால் வருவதா, வெறும் அடமா? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் மூன்று வருடம் வீணாக்கினேன். எந்தப் பதில் வந்தாலும் மறுநாள் காலையில் என்ன செய்வது என்று அது சொல்லாது. அதைவிட, "இப்படிச் செய்வதால் இவனுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நடத்தை வல்லுநர்கள் பெரும்பாலும் நான்கு காரணங்களைச் சொல்வார்கள்: வேண்டியதைப் பெற, பிடிக்காததிலிருந்து தப்பிக்க, நம் கவனத்தை இழுக்க, அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ ஒரு சுகத்தையோ ஆறுதலையோ தருவதால்.

தேக்கா சந்தையில் இரண்டு பிள்ளைகள் தரையில் விழுந்து புரள்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்திக்கு முறுக்கு வேண்டும். இன்னொருவனுக்கு மீன் வாடை தாங்கவில்லை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். முறுக்கு கேட்டவளை வெளியே தூக்கிக்கொண்டு போனால் அழுகை கூடும். மீன் வாடைக்காரனுக்கு முறுக்கு வாங்கித் தந்தால் அதை வீசியெறிவான். காரணம் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

உளவியலாளர் நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார். அதனால் என்ன ஆகப்போகிறது?

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. வேலை, சமையல், இதில் வீட்டுப்பாடம் வேறா என்று. ஆனாலும் பள்ளி நோட்டு ஒன்று வாங்கி, பேனாவை நூலில் கட்டிக் குளிர்பெட்டியில் மாட்டினேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்குப் பின் நாம் என்ன செய்தோம். நாள், மணி கட்டாயம்.

"அடம் பிடித்தான்" என்று எழுதினால் பயனில்லை. கேமராவில் பதிவாகும் விஷயத்தை மட்டும் எழுத வேண்டும். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "வெள்ளி, மாலை 6.40. சோபாவில் இருந்தான். சட்டைக் காலரை மூக்குவரை இழுத்தான். வலது கையைக் கடித்தான், இரண்டு நிமிடம். அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நின்றது."

அந்தக் கை கடிக்கும் பழக்கம் நான் வேலையிலிருந்து தாமதமாக வருவதால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சிக்கு அது வசதியான காரணம். இரண்டு வாரப் பதிவைச் சேர்த்துப் படித்தபோது மாலை நேரத்துக் கடி நான்கும் செவ்வாய், வெள்ளியில் மட்டுமே வந்திருந்தது. அந்த இரண்டு நாளும் மாமியார் விளக்கேற்றி வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். காலரை மூக்குக்கு இழுத்ததை நானே எழுதியிருந்தேன், எழுதும்போது உறைக்கவில்லை.

எப்போதும் இவ்வளவு எளிதாக விடை கிடைக்காது. சில பிள்ளைகளுக்கு ஒரே நடத்தைக்கு இரண்டு மூன்று காரணம் இருக்கும். ஆனால் இந்த நோட்டைக் கொண்டுபோனால் உளவியலாளருடன் பேசும் முக்கால் மணி நேரம் உருப்படியாகப் போகும். கைப்பேசியில் எடுத்த சிறு காணொளியும் உதவும். அதைக் குடும்பக் குழுவில் மட்டும் பகிராதீர்கள். பிள்ளை அழுவதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம்?

இரண்டு வேலை. முதலாவது, முன்னால் நடப்பதை மாற்றுவது. மீன் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போவது, பல் துலக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே படத்தில் காட்டுவது போன்றவை. இது விட்டுக்கொடுப்பது ஆகாது.

இரண்டாவது வேலைதான் பெரியது. அந்த நடத்தை எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதைச் சொல்ல வேறு வழி கற்றுத்தர வேண்டும். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். உதவி கேட்கவோ கவனம் கேட்கவோ ஒரு சின்னச் சொற்றொடர் கற்றுக்கொடுத்ததும் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. இன்றுவரை நடத்தை ஆதரவில் அதிகம் நம்பப்படும் முறைகளில் அது ஒன்று. பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டை, சைகை, டேப்லெட்டில் தட்டினால் பேசும் செயலி, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அட்டை கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. புதிய வழி பழையதைவிட எளிதாகவும் வேகமாகவும் பலன் தர வேண்டும். எங்கள் வீட்டு மின்தூக்கிக் கதையைச் சொல்கிறேன். பொத்தானை வேறு யாராவது அழுத்திவிட்டால் இவன் மின்தூக்கிக்குள்ளேயே படுத்துவிடுவான். பதினோராவது மாடிவரை கதவு திறந்து திறந்து மூடும், ஏறுகிறவர்கள் தாண்டிப் போவார்கள். ஒரு விரல் பொத்தானைத் தொடும் படத்தை அட்டையாக்கி அவன் பள்ளி அடையாள அட்டைக் கயிற்றிலேயே மாட்டினோம். முதல் சில நாள் அட்டையைத் தொட்ட நொடியில் அவன்தான் அழுத்தினான். எட்டாவது மாடிச் சீன அங்கிளிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். அவர் இன்றும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பையன் அழுத்தட்டும் என்று நிற்பார்.

"போதும்" அட்டையும் அப்படித்தான். கொடுத்த புதிதில் நாள் முழுக்க அதையே நீட்டுவான். நீட்டட்டும். அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வந்தபிறகு, "இன்னும் ஒரு வாய், அப்புறம் போதும்" என்று மெல்ல நேரத்தைக் கூட்டலாம். முதலில், அப்புறம் என்று இரண்டு கட்டம் போட்ட பலகையும் நிறைய வீடுகளில் கைகொடுக்கிறது. முதலில் பல் துலக்கும் படம், அப்புறம் டேப்லெட் படம். இணையத்துப் படங்களைவிட உங்கள் வீட்டுப் பிரஷ்ஷின் புகைப்படம் நல்லது.

கத்தினால் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தினோம். முன்பைவிட மோசமாகக் கத்துகிறான்.

அது வரத்தான் செய்யும். இவ்வளவு நாள் கத்தினால் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை, ஆகவே இன்னும் பலமாகக் கத்திப் பார்க்கிறான். காசு போட்டும் பானம் விழாத இயந்திரத்தை நாம் இரண்டு தட்டுத் தட்டுவதில்லையா? தட்டியதும் விழுந்துவிட்டால் அடுத்த முறை காசு போட்டவுடனேயே தட்டுவோம். நான் நான்காம் நாள் நாற்பதாவது நிமிடத்தில் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று நானே அவனுக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆயிற்று.

எனவே தொடங்குவதற்கு முன் யோசியுங்கள். பள்ளி விடுமுறையா, வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா, கேட்பதற்கான புது வழி ஏற்கனவே கற்றுக்கொடுத்தாயிற்றா? அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிடம் (அத்தை) "இரண்டு வாரம் சத்தமாக இருக்கும்" என்றேன். அதன்பிறகு சத்தம் கேட்டால் அவர் கதவைத் தட்டவில்லை, குவே என்னும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தலையை முட்டுவது, தன்னைக் கடிப்பது போன்றவற்றில் மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்கும் முறையை வல்லுநர் துணையில்லாமல் செய்யவே செய்யாதீர்கள்.

ஓர் அடி போட்டால் உடனே நிற்கிறதே?

நிற்கும். அதனால்தான் நம் கை மறுபடி ஓங்குகிறது. பிள்ளை நம் நடத்தைக்கு வெகுமதி கொடுத்துவிட்டது! அடியாத மாடு படியாது என்று தாத்தாக்கள் சொல்வார்கள். ஆனால் அடி எதைச் செய்யாதே என்று சொல்கிறதே தவிர, பதிலுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. கவனத்துக்காகச் செய்கிற பிள்ளைக்கு அடியும் கவனம்தான். இன்னொன்று, பலம் உள்ளவர் அடிக்கலாம் என்று கற்றுக்கொண்ட பையன் ஒரு நாள் அம்மாவைவிட உயரமாக வளர்ந்து நிற்பான்.

நல்லபடி நடந்தால் பரிசு கொடுப்பது லஞ்சம் இல்லையா?

கத்தும்போது நிறுத்துவதற்காகக் கொடுத்தால் லஞ்சம். முன்பே சொல்லிவைத்து, செய்து முடித்தபின் கொடுத்தால் கூலி. நாமும் மாதக் கடைசியில் அதைத்தான் வாங்குகிறோம்.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். தமிழை விட்டுவிடவா?

இந்த அறிவுரையைக் கேட்டு நிறையக் குடும்பங்கள் தமிழை நிறுத்திவிட்டன. எங்கள் வீட்டிலும் ஒன்றரை வருடம் நிறுத்தினோம். அந்த ஒன்றரை வருடம் என் மாமியார் பேரனிடம் ஏறக்குறைய எதுவும் பேசவில்லை, அவருக்கு ஆங்கிலம் வராது. இரண்டு மொழி கேட்பதால் மதியிறுக்கமுள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள். படங்களை மட்டும் பள்ளியோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஒரே அட்டையைப் பள்ளியில் ஆங்கிலச் சொல்லோடும் வீட்டில் "போதும்" என்றும் காட்டினால் பிள்ளைக்குக் குழப்பம் வருவதில்லை. ஆசிரியரிடம் கேட்டு அதே படங்களை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு வாரமாகத் திடீரென்று புதிதாக ஏதோ செய்கிறாள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், தூக்கம், மாதவிடாய் வலி, புது மருந்து. எங்கள் குழுவில் ஒரு தாயின் மகள் இடது கன்னத்தில் தன்னையே அறைந்துகொண்டிருந்தாள். நல்லபடி நடந்தால் நட்சத்திரம் ஒட்டும் அட்டையை வைத்து மூன்று வாரம் ஓட்டினார்கள். கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலிக்கிறது என்று சொல்ல முடியாத பிள்ளை வேறு என்ன செய்யும்?

வெடித்துவிட்டால், அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

பேச்சைக் குறையுங்கள். அந்த நேரத்தில் புத்தி சொல்வது, கேள்வி கேட்பது, "சாரி சொல்" என்பது எல்லாம் எரிகிற தீயில் எண்ணெய். ஒருவர் மட்டும் அருகில் இருங்கள், மற்றவர்கள் அறையைவிட்டுப் போகட்டும். தலையை முட்டினால் தலையணையோ மடித்த துண்டோ இடையில் வையுங்கள். கண்ணாடி, கத்தி, சூடான பாத்திரம் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சாலையில் ஓடுவது போல உடனடி ஆபத்து இருந்தாலொழியப் பிடித்து அமுக்க வேண்டாம். குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது எந்த நிலையிலும் கூடாது, மூச்சு நின்றுவிடலாம். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் ஆம்புலன்சுக்கு 995.

அடங்கியபின் தண்ணீர் கொடுங்கள். பாடம் நாளைக்கு.

நான் ஒன்று சொன்னால் பாட்டி ஒன்று செய்கிறார். பணிப்பெண் இன்னொன்று.

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் ஓடும் கேள்வி இதுதான். சாம்பிராணி விஷயத்தைச் சொன்னபோது மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாமி காரியத்தில் கைவைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் வாதாடாமல் நோட்டைக் கணவரிடம் கொடுத்து நான்கு பதிவையும் அவருக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் மாமியார் அவராகவே வந்தார். "ஏம்மா, அவன் ஸ்கூலுக்குப் போனப்புறம் போட்டுட்டா சாமி கோவிச்சுக்கவா போகுது?" இப்போது சாம்பிராணி காலை பத்து மணிக்கு.

பெரியவர்களிடம் "இதைச் செய்யாதீர்கள்" என்று பட்டியல் நீட்டினால் எடுபடாது. அவர்களுக்கென்று ஒரு வேலை கொடுங்கள். பேரன் "தண்ணீர்" அட்டையைக் காட்டினால் எடுத்துத்தருவது பாட்டியின் பொறுப்பு என்று வைத்தோம். ஒரு மாதத்தில் அட்டை எங்கே என்று எங்களையே அதட்டும் அளவுக்கு வந்துவிட்டார். பணிப்பெண்ணுக்கு அவர் மொழியிலேயே மூன்று வரி எழுதி அடுக்களையில் ஒட்டுங்கள். பராமரிப்பாளர் பயிற்சி மானியத்தைக் கொண்டு அவரையும் பயிற்சிக்கு அனுப்பலாம். தகுதிபெறும் குடும்பங்களுக்கு, அரசுக்குக் கட்டும் பணிப்பெண் தீர்வை மாதம் 300 வெள்ளிக்குப் பதிலாக 60 வெள்ளிதான். இன்னும் விண்ணப்பிக்காதவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கோயில், கல்யாணம், தீபாவளி எல்லாம் விட்டுவிடவேண்டியதுதானா?

வேண்டாம். சின்னதாக்கிக்கொள்ளுங்கள். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலைக்குக் கூட்டிப்போவதைவிட, சாதாரண வார நாளில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். முதல் முறை வாசல்வரை, அடுத்த முறை ஒரு சுற்று. சத்தம் தடுக்கும் காதுமூடி, தெரிந்த பொம்மை, முன்பே காட்டிய புகைப்படங்கள். முக்கியமாக, நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். பத்து நிமிடம் நிம்மதியாக இருந்துவிட்டு வருவது, ஒரு மணி நேரம் இழுத்து அழுகையோடு வருவதைவிட மேல். கல்யாணத்தில் சாப்பிடாமல் போனால் கோபிப்பவர்களிடம் பார்சல் கேளுங்கள், கோபம் தணிந்துவிடும்.

தீபாவளிக்கு நமக்கு ஒரு வரம் உண்டு: 1972இலேயே இங்கே பட்டாசைத் தடைசெய்துவிட்டார்கள். என் மகனுக்குக் கஷ்டம் சீனர்களின் ஏழாம் மாதத்தில் போடும் கெத்தாய் என்ற பாட்டு மேடைதான். புளோக்கில் அறிவிப்பு ஒட்டியதும் அந்த மாலைகளில் அவன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவான்.

உதவிக்கு எங்கே போவது?

ஏழு வயதுக்குள் என்றால் பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ சொல்லிப் பரிந்துரை வாங்குங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுகள் உள்ளன. அங்கிருந்து எய்பிக் எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்துக்கு அனுப்புவார்கள். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.

பள்ளி வயதில், 2019இலிருந்து கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. சிறப்புக் கல்விப் பள்ளியில் உளவியலாளர், செயல்முறைச் சிகிச்சையாளர் உண்டு. அவர்களிடம் பள்ளியைப் பற்றி மட்டுமன்றி வீட்டுப் பிரச்சினையையும் சொல்லுங்கள். நிறையப் பேர் சொல்வதே இல்லை. கடுமையான நடத்தைக்கு மனநலக் கழகத்தின் பிள்ளைகள் மருந்தகம் இருக்கிறது. மானியம், ஓய்வுப் பராமரிப்பு, வளர்ச்சிக் குறைபாட்டுப் பதிவு அட்டை ஆகியவற்றுக்கு உடற்குறை உள்ளோருக்கு உதவ 2013இல் தொடங்கிய எஸ்ஜி எனேபல் அமைப்பைக் கேளுங்கள். லெங்கோக் பாருவிலுள்ள எனேபலிங் வில்லேஜில் இருக்கிறது. அந்த அட்டை பையில் இருந்தால் பேருந்தில் நிற்கும்போது விளக்கம் சொல்லும் நேரம் மிச்சம்.

மருந்து கொடுக்கலாமா?

மதியிறுக்கத்துக்கென்று மருந்து இல்லை. கடும் எரிச்சல், முரட்டுத்தனம் இவற்றுக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகியவற்றைச் சில பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள். பசியும் எடையும் கூடலாம், கண்காணிப்பு வேண்டும். கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாமாக நிறுத்தவும் கூடாது. மருந்து தொடங்கினாலும் நோட்டும் அட்டையும் தொடரட்டும்.

கதவு திறந்திருந்தால் ஓடிவிடுகிறாள்.

சன்னல் கம்பியும் கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் இன்றே. எங்கே ஓடுகிறாள் என்று கவனியுங்கள். நிறையப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் ஆசை. காணாமல் போனால் நீச்சல்குளம், கால்வாய், குளம் இருக்கும் பக்கம் முதலில் தேடி, அதே நேரத்தில் காவல்துறையை 999இல் அழையுங்கள். கீழே காப்பிக்கடைக்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பிள்ளையின் முகம் தெரிந்திருக்கட்டும். நீச்சலும் கற்றுக்கொடுங்கள்.

பெரியவனாகிவிட்டால்?

வீட்டில் ஆறு வயதில் அழகாக இருக்கும் பழக்கம் பதினாறில் புகாராக வரும். அன்னியரைக் கட்டிப்பிடிப்பது, கதவைத் திறந்துவைத்து உடை மாற்றுவது இரண்டையும் சிறுவயதிலேயே மாற்றத் தொடங்குங்கள். சிறப்புக் கல்வி முடியும் 18 வயதில் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பகல்நேர நடவடிக்கை நிலையத்தில் இடம் கிடைக்கக் காலம் பிடிக்கலாம், இரண்டு மூன்று வருடம் முன்பே விசாரியுங்கள். 21 வயதில் சட்டப்படி பிள்ளை தனி ஆள். அவனுக்காக முடிவெடுக்க நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். இதற்குச் சிறப்புக் கல்விப் பள்ளிகள் வழியாகவே உதவித் திட்டம் உண்டு.

எனக்கே முடியவில்லை.

இதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை, கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வார்கள். 1771க்கு எந்நேரமும் அழைக்கலாம், தேசிய மனநல உதவி எண். தெம்பனிஸில் 2023இல் திறந்த எனேபலிங் சேவை நடுவம் போன்ற இடங்களில் பிள்ளையைச் சில மணி நேரம் விட்டுவர வழி இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டைக் கூட்டாதீர்கள். தூங்குங்கள்.

எவ்வளவு நாளில் மாறும்?

வாரக்கணக்கில் எண்ணுங்கள். நாள்கணக்கில் பார்த்தால் மனம் ஒடியும். சாம்பிராணியை நேரம் மாற்றியதும் மாலைக் கடி நின்றது. ஆனால் கை கடிப்பதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எல்லாம் சேர்த்து வாரம் பதினொன்றாக இருந்தது நான்கு மாதத்தில் இரண்டானது. ஜூன் விடுமுறையில் ஆறாக ஏறியது. எல்லாம் போயிற்று என்று அழுதேன். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மறுபடி இரண்டு. மறு வருடமும் அதேபோல ஜூனில் ஏறியது, நவம்பர் கடைசியிலும் ஏறியது. இப்போது மே மாத முடிவிலேயே சுவரிலுள்ள பள்ளிப்பேருந்துப் படத்தைக் கழற்றிவிட்டு, காலையில் என்ன, மதியம் என்ன என்று விடுமுறைப் படங்களை ஒட்டிவிடுகிறோம். போன ஜூனில் அதிகபட்சம் மூன்று.